நேர்த்தி இல்லாமல் ஏறிய மலை

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் தமிழ்ச் சனம் மலை ஏறுவது புதினமில்லை. மொந்தெல்லோக் கடற்கரைக்கு ஒரு பக்கத்தில் மொந்தே பெல்லெக்ரினோ மலை நிற்கிறது. அதன் குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். இந்த ஊர்க் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து சைவர்களான நாங்களும் நேர்த்தி வைத்து அங்கே நடந்து ஏறுவோம். பிள்ளையின் சோதனைக்காக ஏறுவார்கள், தங்கைக்குக் குழந்தை கிடைக்க வேண்டும் என்று ஏறுவார்கள், இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதி கைக்கு வர வேண்டும் என்று ஏறுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன். மகள் தாதிப் படிப்புக்கு எழுதியபோது ஒரு முறை, கணவருடைய பத்திரங்கள் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் இழுபட்டபோது இன்னொரு முறை. இரண்டு முறையும் செருப்பில்லாமல். அப்போது என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. புளிச்சாதம் கட்டித் தந்தார்கள். வந்த பிறகு கால் நோகிறதா என்று விசாரித்தார்கள்.

பிறகு நான் நேர்த்தி இல்லாமல் வேறொரு மலைக்குப் போகத் தொடங்கினேன். அதைத்தான் ஒருவராலும் பொறுக்க முடியவில்லை.

அந்த மலைக்குக் காப்போ கல்லோ என்று பெயர். மொந்தெல்லோவின் மறுபக்கத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும் மலை. இயற்கைக் காப்பிடம் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். கும்பிட அங்கே ஒன்றும் இல்லை. வெளிறிய சுண்ணாம்புப் பாறை, காய்ந்து சரசரக்கும் உயரமான புல், பாறை வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குட்டைப் பனைகள், கள்ளிப் பற்றைகள், அவ்வளவுதான். கோடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாலைவனம் என்று நான் சொன்னால் மகள் சிரிப்பாள். சுற்றவரக் கடல் இருக்கிற இடத்தை எப்படிப் பாலைவனம் என்று சொல்லலாம் என்று கேட்பாள். ஆவணி மாதத்து மத்தியானத்தில் வந்து அந்தப் பாதையில் நிற்கட்டும், பிறகு கதைப்போம். சிரோக்கோ என்கிற சூட்டுக்காற்று அடிக்கும் நாட்களில் ஆப்பிரிக்காவின் மணலே பறந்து வந்து எங்கள் கொடியில் காயும் உடுப்புகளில் சிவப்பாகப் படிகிறது. அதைத் தட்டிக் கழுவுகிறவள் நான். பாலைவனம் எவ்வளவு தூரம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அது தொடங்கியது ஒரு பஸ் வேலைநிறுத்தத்தால்.

அப்போது நான் மொந்தெல்லோவில் வயதான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல், துப்புரவு, மருந்து, குளிப்பாட்டல் எல்லாம் என்னுடைய பொறுப்பு. இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. ஓய்வு என்று பெயர்தான். வியாழன் பின்னேரம் நான் நகரத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய், மற்றவர்கள் வீட்டில் செய்ததையே திரும்பச் செய்வேன். வழியில் பல்லாரோச் சந்தையில் மரக்கறி வாங்குவேன். அயன் பண்ணுவேன். கனடாவில் இருக்கும் அண்ணாவோடு தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே மீன் வெட்டுவேன்.

அந்த வியாழன் தரிப்பிடத்தில் நெடுநேரம் நின்றும் பஸ் வரவில்லை. பின்னேரம் முழுக்க வராது என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டு நடந்து போனார். வெயில் சுட்டது. முதுகுப் பையோடு ஒரு ஆணும் பெண்ணும் என்னைக் கடந்து மலைப் பக்கமாகப் போனார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு காலமாகச் சிஞ்ஞோராவின் குசினி ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்த மலை அது. கோப்பை கழுவும்போது எனக்கு நேரே நிற்கும். அதற்குள் போகலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மலை என்பது ஜன்னலில் இருக்கிற ஒன்று.

வாசலில் ஒரு குடில் இருந்தது. உள்ளே இருந்த காவலாளி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், திரும்பவும் குனிந்து தன் தொலைபேசியைப் பார்த்தார். நான் உள்ளே போனேன். வேலைக்குப் போடும் துணிச் சப்பாத்துத்தான் காலில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நிமிர்ந்த பாறை, நடுவே கல்லும் புழுதியுமான ஒற்றையடிப் பாதை. முதுகுப் பைக்காரர்கள் விரைவாகவே மறைந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை.

நடக்க நடக்கச் சூடு கீழேயிருந்தும் வந்தது. பாறை அடுப்பைப்போல அனல் விட்டது. காட்டுப் பெருஞ்சீரகத்தின் வாசம் மூக்கில் ஏறியது. என் நிழலைக் கண்டு பல்லிகள் புல்லுக்குள் ஓடின. மேலே ஒரு சிறிய பருந்து சிறகடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. கொஞ்சத் தூரம் போன பிறகு எனக்கு ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று நின்று கவனித்தேன். என்னுடைய மூச்சு. எத்தனையோ வருடங்களாக நான் என் மூச்சைக் கேட்டதில்லை. சிஞ்ஞோராவின் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கல்லில் இருந்து கைப்பையில் கிடந்த பிஸ்கட்டைத் தின்றேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. எழும்பி இன்னும் நடந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதற்கு மேல் விளக்கம் கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

அடுத்த வியாழன் பஸ் ஓடியது. நான் ஏறவில்லை. அதற்கடுத்த வியாழனும் ஏறவில்லை. சந்தையில் ஒரு நல்ல சப்பாத்தும் அகன்ற தொப்பியும் வாங்கினேன். பெரிய தண்ணீர்ப் போத்தல் வாங்கினேன். பாதைகள் எனக்குப் பழகின. கடலோரமாகப் போவது ஒன்று. பைன் மரங்களுக்குள் புகுந்து, பிறகு மரமே இல்லாத சரிவுக்கு ஏறுவது இன்னொன்று. எந்த இடத்தில் கல் காலை வழுக்கும், எந்தப் பாறைக்குக் கீழே பின்னேரத்தில் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு நிழல் விழும் என்பதெல்லாம் தெரிந்தது.

அந்தக் குட்டைப் பனைகளைப் பார்த்து ஊர்ப் பனை வடலிகளை நினைத்து அழுதிருப்பேன் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மகளே அப்படித்தான் கேட்டாள். மிலானோவிலிருந்து தொலைபேசியில், "அம்மா, அங்கை போனா ஊரிலை நிக்கிற மாதிரி இருக்கோ?" என்றாள். இல்லை என்றேன். ஓலை விசிறி போல விரிவது உண்மைதான். ஆனால் இது காம்பு முழுக்க முள்ளோடு, கல்லில் படுத்து வளரும் வேறு மரம். ஊரை நினைத்து அழுவதற்கு எனக்கு வேறு இடங்கள் உண்டு. அங்கே நான் அழப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பாலைத்திணை என்றால் பிரிவு என்று படிப்பித்தார்கள். கணவன் பொருள் தேடப் போவான், மனைவி வீட்டிலிருந்து வாடுவாள். சோதனையில் நானும் அப்படித்தான் எழுதிப் புள்ளி வாங்கினேன். வெயிலில் வெந்த நிலத்துக்கு ஒரு பெண் தானாகப் போய், அங்கே சந்தோஷமாக இருந்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வரலாம் என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் கண்டுபிடித்தது கீழ்வீட்டு அக்கா. என்னைவிட மூத்தவர், நாங்கள் இந்த ஊருக்கு வந்த காலத்திலிருந்து தெரிந்தவர். பெர்மெஸ்ஸோவுக்கு எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதிலிருந்து எந்தக் கடையில் நல்ல கருவாடு கிடைக்கும் என்பது வரை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். ஒரு வியாழன் நான் புழுதி படிந்த சப்பாத்தோடு படியேறும்போது கதவைத் திறந்தார்.

"எங்கையிருந்து வாறாய்?"

"மலைக்குப் போட்டு வாறன் அக்கா."

"ரொசாலியாவுக்கோ? ஆருக்கு நேர்த்தி? பிள்ளைக்கு ஏதுமோ?"

"அந்த மலை இல்லை. மற்ற மலை. நேர்த்தி ஒண்டும் இல்லை, சும்மா போனனான்."

அக்கா என் முகத்தையும் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சும்மாவோ? இந்த வெயிலுக்கை ஆர் சும்மா போறது?"

"நான் போறன்."

"தனியவோ?"

"ஓம், தனியத்தான்."

நான் மேல் படி ஏறி முடிக்கும் வரை அவர் கதவைச் சாத்தவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் சனம் கூடிப் பூசை செய்யும் மண்டபத்தில், நான் போகும் பக்கமெல்லாம் கதை ஒரு கணம் நின்று பிறகு தொடங்கியது. ஒருவர் எனக்குச் சீனி வருத்தமா என்று கேட்டார். வைத்தியர் நடக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயமாம். இல்லை என்றேன். இன்னொருவர் மகளின் கலியாணம் தள்ளிப் போகிறதா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். ஒரு வருத்தமோ வேண்டுதலோ இருந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நான் அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை.

கணவர் ஒரு உணவுக்கடையின் குசினியில் வேலை செய்கிறார். அதிகம் கதைக்காத மனிதர். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"சனம் கதைக்குது, தெரியுமே?"

"என்னவாம்?"

"நீர் எனக்குச் சொல்லாமல் இன்னொரு வீட்டிலை வேலை செய்யிறீராம். வியாழக்கிழமையளிலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெண்ணைப் பற்றி எவ்வளவோ கதைக்கலாம். எங்கள் சனத்தின் கற்பனை அவ்வளவு தூரம் போகவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிட்ட பெண் இன்னொருவரின் தரையைத் துடைக்கத்தான் போயிருப்பாள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்ன சொல்லுறது? மலைக்குப் போறா எண்டால் நம்புவாங்களே?" பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேலையிலை நடக்கிறது காணாதோ? மூட்டுத் தேயப்போகுது" என்றார்.

"சிஞ்ஞோரா வீட்டுப் பளிங்குத் தரையை முழங்காலிலை நிண்டு துடைக்கேக்கை தேயாத மூட்டு மலையிலை தேயுமோ?"

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அத்தோடு அந்தக் கதை நின்றது. முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

சிஞ்ஞோராவுக்கு ஒரு மகள் இருந்தார். நகரத்தில் அலுவலகம் ஒன்றில் பெரிய பதவி. கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசு தருவார், என் மகளைப் பற்றி விசாரிப்பார். ஒரு திங்கட்கிழமை அவர் வந்து, இனிமேல் வியாழன் பின்னேரமும் நான் தாயோடு நிற்க வேண்டும் என்றார். அந்த நாளில் வந்து பார்க்கத் தன்னால் முடியவில்லையாம். மேலதிகச் சம்பளம் தருவாராம்.

"வியாழன் எனக்கு முடியாது" என்றேன்.

"ஏன்? வேறு வீட்டில் வேலை இருக்கிறதா?"

"இல்லை. நான் நடக்கப் போகிறேன்."

அவருக்குத் தெரிந்திருந்தது. தாய் சொல்லியிருக்கிறார். "அதுதான் நானும் சொல்கிறேன்" என்றார், மிகவும் தன்மையாக. "நடப்பதுதானே. அதை ஞாயிறு செய்யலாமே. அது ஒரு அலுவல் இல்லையே."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைத் தைத்தது. வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் ஒத்துக்கொண்டிருப்பார். குவெஸ்தூராவில் கையெழுத்து என்றால் காரில் கொண்டுபோயே விட்டிருப்பார். நானும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது இந்த வேலையில் எங்களுக்குப் பழக்கம்தான். அன்றைக்கு வாய் வரவில்லை.

"அதுதான் என்னுடைய அலுவல்" என்றேன். "வியாழன் பின்னேரம் எனக்கு மலையோடு அலுவல்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றதைக் கண்டதும் அவருடைய சிரிப்பும் நின்றது. சிஞ்ஞோரா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. "யோசித்துச் சொல்" என்று மகள் கைப்பையை எடுத்தார். யோசித்தாயிற்று என்றேன். அவர் போன பிறகு சிஞ்ஞோராவுக்குச் சூப் வைத்தேன். அந்த வியாழன் வழமைபோல மலைக்குப் போனேன்.

மலையின் உச்சியில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கேயிருந்து கப்பல்களுக்குச் சைகை காட்டினார்களாம். அதற்குப் போகும் பாதை செங்குத்து, தனியாகப் போக வேண்டாம் என்று காவலாளி சொல்லியிருந்தார். இதற்கிடையில் அவர் எனக்கு வணக்கம் சொல்லத் தொடங்கியிருந்தார். குடில் கதவில் ஒருநாள் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. நடைக்குழு ஒன்று ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குப் போகிறது, விரும்பியவர்கள் வரலாம். அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்து என் பெயரைக் கொடுத்தேன். பெயரை மூன்று தரம் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு சொந்தக்காரர் ஒருவரின் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்திய வீடு. மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்தார்கள். நான் செய்ய வேண்டியிருந்த பலகாரத்தை முதல் நாளே சுட்டுக் கொடுத்துவிட்டேன். காலையில் கணவர் வேட்டி கட்டிக்கொண்டு நிற்க, நான் சப்பாத்துக் கட்டினேன்.

"இண்டைக்குமோ?" என்றார்.

"நீங்கள் போங்கோ. நான் பின்னேரம் வாறன்."

"கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

நடைக்குழுவில் எல்லோரும் பலேர்மோக்காரர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள். கையில் மடக்குத் தடிகள். குழுவை நடத்தியது ஒரு இளம் பெண். ஒவ்வொருவராகப் பெயரைக் கேட்டுச் சரிபார்த்து வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றார். எனக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட வயதான பெண்மணி ஒருவர் நின்றார். குழுத்தலைவி அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் இந்தச் சிஞ்ஞோராவோடு துணைக்கு வந்தவரா?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைத் தொப்பிக்காரப் பெண்மணிக்கு என்னை யாரென்றே தெரியாது.

"இல்லை" என்றேன். "நான் என்னோடு வந்திருக்கிறேன்."

அந்தப் பெண்ணின் முகம் காது வரை சிவந்தது. மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் வாழ்க்கையில் பாதி போய்விட்டது. என் பெயரைத் திரும்பவும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நடக்கத் தொடங்கினோம்.

பைன் மரங்களைத் தாண்டியதும் வெயில் விழுந்தது. அவர்கள் எல்லோரும் கதைத்துக்கொண்டே ஏறினார்கள், எனக்கு அது புதிது. பாதையில் பாதி வந்திருப்போம். எனக்கு முன்னால் போன ஒருவர், பருமனான மனிதர், நின்று தன் மேற்சட்டையைக் கழற்றினார். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டையை என் பக்கம் நீட்டி, "கொஞ்சம் பிடி" என்றார். நானும் பிடித்தேன். கை தானாகப் போய்விட்டது, அதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம். அவர் கயிற்றைக் கட்டி நிமிர்ந்து, பக்கத்தில் வந்தவரோடு கதைத்தபடி நடக்கத் தொடங்கிவிட்டார். சட்டை என் கையில்.

ஒரு கணம் அப்படியே நின்றேன். பாதையோரத்தில் ஒரு காட்டு ஒலிவ மரம் காற்றில் வளைந்து நின்றது. சட்டையை ஒழுங்காக மடித்து அதன் கிளையில் போட்டேன். போட்டுவிட்டு நடந்தேன்.

செங்குத்தான இடம் வந்தபோது அவருக்கு நினைவு வந்தது. "என் சட்டை எங்கே?"

"ஒலிவ மரத்தில் இருக்கிறது" என்றேன்.

"எந்த மரத்தில்?"

"கீழே. வளைவில்."

அவர் வாயைத் திறந்தார். பின்னால் வந்த வெள்ளைத் தொப்பிக்காரப் பெண்மணி சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். நான் காத்திருக்கவில்லை. அந்தச் செங்குத்தில் கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. புல் நுனி மணிக்கட்டைக் கீறியது. தொடை எரிந்தது, நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியது. ஒருமுறை குழுத்தலைவி திரும்பி, வேண்டுமானால் இங்கேயே இருக்கலாம், வரும்போது கூட்டிப்போகிறோம் என்றார். தேவையில்லை என்றேன்.

உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்கியது. ஒரு பக்கம் மொந்தெல்லோ, அதற்கப்பால் பெல்லெக்ரினோ, இன்னும் தள்ளித் துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்ட கப்பல் ஒன்று வெள்ளைப் புள்ளியாக. சிஞ்ஞோராவின் வீட்டைத் தேடிப் பார்த்தேன். எல்லாக் கூரைகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கீழ்வீட்டு அக்கா. பின்னால் நாதஸ்வரம் கேட்டது, மண்டபத்திலிருந்து அழைக்கிறார்.

"பிள்ளை, வருத்தமாம் எண்டு உன்ரை மனுசன் சொல்லுறார். என்ன செய்யுது? காய்ச்சலோ?"

கணவரின் நிலைமை எனக்கு விளங்கியது. அவருக்காக ஒரு இருமல் இருமியிருக்கலாம்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா. நான் மலை உச்சியிலை நிக்கிறன்."

"என்ன?"

"மலை உச்சியிலை. பொறுங்கோ, காட்டுறன்."

தொலைபேசியைக் காணொளிக்கு மாற்றித் திருப்பிப் பிடித்தேன். கடலைக் காட்டினேன், பாறையைக் காட்டினேன், காய்ந்த புல் காற்றில் படுத்தெழும்புவதைக் காட்டினேன். திரையில் முதலில் அக்காவின் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தலைகள் வந்து சேர்ந்தன. பட்டுச் சேலைகள், பூ வைத்த கொண்டைகள். யாரோ, "உதென்ன, ஒரு மரமும் இல்லாமல்?" என்று கேட்டது காதில் விழுந்தது. "உதிலை என்ன கிடக்கெண்டு போனனீ?" என்றார் அக்கா.

"நான் நிக்கிறன், அது போதாதோ?" என்றேன்.

பின்னேரம் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது, மணிக்கட்டில் கீறல்கள். கணவர் ஒரு மூலையில் கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார், பிறகு தன் கால்களைப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அன்றைக்கு என்னிடம் நேர்த்தியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கீறலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொன்னார்கள்.

சில வாரங்களில் சிஞ்ஞோராவின் மகள் வந்து, இரவும் பகலும் தங்கி வேலை செய்யும் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டதாகச் சொன்னார். எதிர்பார்த்ததுதான். வேறு எத்தனையோ காரணங்கள் சொன்னார், மலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசி நாள் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து "தெஸ்தா தூரா" என்றார். இறுகிய தலைக்காரி என்று அர்த்தம். அவர் அதைத் திட்டாகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு வீடு கிடைக்கும் வரைக்கும் கஷ்டப்பட்டோம், அதை மறைக்க மாட்டேன். இப்போது வேலை செய்யும் வீடு நகரத்துக்குள் இருக்கிறது. மலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வேலைக்குப் பேசும்போதே வியாழன் பின்னேரம் தர மாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன்.

அந்தக் கோடையில் சிரோக்கோ அடித்த நாட்களில் மலையில் தீப்பிடித்தது. எங்கள் மாடியிலிருந்தே புகை தெரிந்தது. பாதைகளை மூடிவிட்டார்கள். "இனி உங்கை என்ன கிடக்கு பார்க்க?" என்றார் அக்கா. திறந்த முதல் வியாழன் போனேன். சரிவு முழுக்கக் கருகியிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் எழும்பியது. கருகிய பனைகளின் நடுவில் சில இடங்களில் பச்சை முளை வந்திருந்தது, நடைக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். நான் முளையைப் பார்க்கப் போகவில்லை. பச்சையாக இருந்தாலும் கரியாக இருந்தாலும் அது என்னுடைய பாதை. நடந்துவிட்டு வந்து காலைக் கழுவியபோது தண்ணீர் கறுப்பாக ஓடியது.

போன மாதம் ஒரு வியாழன் கணவருக்கு வேலை இல்லை. நான் தொப்பியை எடுக்க, "நானும் ஒருக்கா வந்து பார்க்கிறன்" என்றார். இவ்வளவு காலமும் கேட்காத மனிதர். குசினியில் போடும் கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். வழி முழுக்க முறைப்பாடுதான். கல்லாம், வெயிலாம், இருக்க ஒரு வாங்கு இல்லையாம். பாதி வழியில், பாறை நிழல் தரும் இடத்தில் இருந்துவிட்டார்.

"இதுக்கோ இவ்வளவு நாளும் வந்தனீர்?"

"ஓம், இதுக்குத்தான்."

"நீர் போட்டு வாரும். நான் இதிலை இருக்கிறன்."

தண்ணீர்ப் போத்தலையும் பையையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பாதை முடியும் வரை போய், கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தேன். அவர் பாறையில் சாய்ந்து, என் பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரையில் இருந்தார். நிழல் இன்னும் அவர் மேல்தான் இருந்தது. எழுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு எழுப்பாமல், திரும்பி, அதே பாதையில் இன்னொரு முறை போய் வந்தேன்.